ஏ320 போர்டில் 5600ஜி: பொருந்திய பிராசசர் ஏன் ஓடவில்லை?

2025 ஜூலை. சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தைப் பூசை போட்டு வெளியிடுவது ஊர் வழக்கம். அந்த ஆண்டு ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3-ஆம் தேதி. அதற்குள் டிசைன் முடிந்து, ப்ரூஃப் பார்த்து, பிளேட்டுக்குப் போயிருக்க வேண்டும். அப்படியொரு வாரத்தில்தான் எங்கள் பக்கத்துத் தெருவில் டிடிபி வேலை பார்க்கும் அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணுமே வரல. போர்டு போயிருச்சு, புதுசு போடணும்னு சொல்றாங்க. நேத்து மத்தியானம் வரைக்கும் ஓடின மெஷின் தம்பி."

"நேத்து என்னக்கா மாத்துனீங்க?"

"பிராசசர் மட்டுந்தான்."

விஷயத்தில் பாதி அந்தப் பதிலிலேயே இருந்தது. மீதிப் பாதியைத்தான் முழுசாக எழுதி வைக்கிறேன். நன்றாக இருக்கிற போர்டுகள் இப்படி "போயிருச்சு" என்று பழைய இரும்புக் கடைக்குப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை.

மெஷின் என்ன, மாற்றம் எதற்கு

2018-இல் வாங்கிய பெட்டி. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3 2200ஜி பிராசசர், ஏ320 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்ட மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ஒற்றை ஸ்டிக், ஒரு எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசசருக்குள் இருக்கும் வேகா 8 கிராஃபிக்ஸ்தான் மானிட்டருக்குப் படம் கொடுத்தது. ஏழு வருஷமாகக் கோரல்டிராவும் போட்டோஷாப்பும் இதில்தான். பெரிய தினசரி காலண்டர் அட்டையைத் திறந்துவிட்டு டீ போட்டு வந்தால்தான் கோப்பு முழுசாக வந்திருக்கும் என்கிற நிலைக்கு அது வந்திருந்தது.

மாற்ற நினைத்ததற்கு இன்னொரு காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிய இருந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பிராசசர் பட்டியலில் 2200ஜி இல்லை. இங்கே பலர் குழம்புவார்கள். பெயரில் 2000 வரிசை என்று இருப்பதால் ரைசன் 5 2600-இன் தம்பி என்று நினைத்துக்கொள்வோம். 2600 பட்டியலில் இருக்கிறது, 2200ஜி இல்லை. ரைசனின் உள்வடிவமைப்புக்கு ஏஎம்டி வைத்த பெயர் ஜென். 2600 ஜென்+ தலைமுறை, 2200ஜி அதற்கு முந்தைய ஜென். பிராசசர் பெயரில் உள்ள எண் வரிசை ஒன்று, உள்ளே இருக்கும் தலைமுறை வேறு. இந்த வழக்கு முழுவதும் இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வரும்.

ஆக, அக்கா எடுத்த முடிவு சரியானது. ரைசன் 5 5600ஜி: 6 கோர், 12 திரெட், 65 வாட், உள்ளேயே வேகா 7 கிராஃபிக்ஸ். கார்டு இல்லாத மெஷினுக்கு அந்த 'ஜி' எழுத்து மிக முக்கியம். அது இல்லாத 5600-ஐயோ 5500-ஐயோ போட்டிருந்தால், எல்லாம் சரியாக இருந்தும் மானிட்டரில் எதுவும் வராது. அவற்றில் கிராஃபிக்ஸே கிடையாது.

வெளியூரில் ஒரு கடையில் வாங்கியிருக்கிறார். "அதே ஏஎம்4 சாக்கெட்தான், அப்படியே உட்காரும்" என்று சொல்லி (சாக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டார்கள். பழைய 2200ஜி-யை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு விலையில் கழித்துவிட்டார்கள். போட்டுப் பார்த்தால் படம் வரவில்லை. அரைமணி நேரம் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

முதலில் எதை நம்புவது

நான் போய் உட்கார்ந்ததும் செய்தது ஒன்றே ஒன்று: கீபோர்டில் நம்லாக் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவும் இல்லை, அணையவும் இல்லை. மெஷின் உள்ளே ஓடி, படம் மட்டும் வராத நிலை என்றால் பெரும்பாலும் அந்த விளக்கு மாறும். இது ஓடவே ஆரம்பிக்கவில்லை.

அடுத்து, பிராசசர் நல்லதுதானா என்று பார்க்க வேண்டும். என் பட்டறையில் பி450 போர்டு ஒன்று சோதனைக்கென்றே இருக்கிறது. அதன் பயாஸ், அதாவது மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள், புதியது. 5600ஜி-யைக் கொண்டுபோய் அதில் போட்டேன். ஒரு நிமிஷத்துக்குள் படம் வந்தது. பிராசசர் நல்லது. அப்படியென்றால் ஒன்று, போர்டு நிஜமாகவே கெட்டிருக்க வேண்டும். அல்லது, அந்தப் போர்டுக்கு இந்தப் பிராசசரைத் தெரியாமல் இருக்க வேண்டும். முந்தின நாள் மத்தியானம் வரை ஓடிய போர்டு, பிராசசரை மாற்றிய அதே நிமிஷத்தில் தற்செயலாகச் சாவது அபூர்வம். நான் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

'தெரியாது' என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரைசன் பிராசசரில் நம் வேலையைச் செய்யும் கோர்கள் முதலில் எழுவதில்லை. உள்ளே ஒரு சின்னப் பாதுகாப்புப் பிராசசர் இருக்கிறது. கரண்ட் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். அது போர்டில் உள்ள பயாஸ் சில்லைப் படித்து, தன் தலைமுறைக்கு உரிய ஃபர்ம்வேர் (சில்லுக்குள் எழுதி வைத்த மென்பொருள்) அதில் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதை ஏற்றிக்கொண்டு, ரேமைத் தயார் செய்து, பிறகுதான் பெரிய கோர்களை எழுப்பும். இல்லாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தி காட்டக்கூட எழுந்திருக்க ஆள் இல்லை. 2018-இல் எழுதப்பட்ட பயாஸுக்கு 2021-இல் கடைக்கு வந்த பிராசசரின் ஃபர்ம்வேர் எப்படித் தெரியும்?

ஒரே சாக்கெட், ஐந்து வருஷ வரலாறு

ஏஎம்4 சாக்கெட்டில் 1,331 ஓட்டைகள். 2017 மார்ச்சில் முதல் ரைசன் வந்தபோதும் அதே 1,331. 2020 நவம்பரில் 5000 வரிசை வந்தபோதும் அதேதான். அந்தச் சாக்கெட்டை 2020 வரை தாங்கிப் பிடிப்போம் என்று ஏஎம்டி முன்பே சொல்லியிருந்தது. வாங்கியவர்களும் அதை நம்பித்தான் வாங்கினார்கள்.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. ஏ320, பி350, எக்ஸ்370 என்ற 300 வரிசைப் போர்டுகள் பெரும்பாலானவற்றிலும், பி450 போன்ற 400 வரிசையின் பல போர்டுகளிலும் பயாஸ் சில்லின் கொள்ளளவு 16 எம்பிதான். ஒவ்வொரு தலைமுறை பிராசசருக்கும் உரிய ஃபர்ம்வேரை அதற்குள் அடைக்க வேண்டும். தலைமுறை கூடக் கூட இடம் போதவில்லை. இடத்துக்காகச் சில நிறுவனங்கள் பயாஸில் இருந்த அழகான கிராஃபிக் திரையை எடுத்துவிட்டு எளிய திரையைக் கொடுத்தன. சில, மிகப் பழைய ஏ வரிசை பிராசசர்களுக்கான ஆதரவைத் தூக்கிவிட்டன. 32 எம்பி சில்லோடு அதே போர்டைப் பெயரில் சின்ன மாற்றத்தோடு மறுபடி விற்றவர்களும் உண்டு.

2020 மே மாதத் தொடக்கத்தில் ஏஎம்டி, அடுத்து வரும் ஜென் 3 பிராசசர்கள் (பிறகு 5000 வரிசையாக வந்தவை) 500 வரிசைப் போர்டுகளில் மட்டுமே ஓடும் என்று அறிவித்தது. பி450 வாங்கியவர்கள் கொதித்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, முடிவை மாற்றிக்கொண்டு 400 வரிசைக்கும் தருவதாகச் சொன்னது. 300 வரிசைக்காரர்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில்தான் அவர்களுக்கும் 5000 வரிசை உண்டு என்ற அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகே பெரும்பாலான போர்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பயாஸ் வந்தது.

இந்த வரலாற்றை நான் ஆசைக்காகச் சொல்லவில்லை. அக்காவின் போர்டு ஏ320. அதற்கு வேண்டிய பயாஸ் பெரும்பாலும் 2022-இலோ அதற்குப் பிறகோ வந்ததாகத்தான் இருக்கும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. போர்டில் இருப்பதோ 2018-இல் தொழிற்சாலையில் எழுதியது. ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட அதை யாரும் தொடவில்லை என்று அக்கா சொன்னார்.

போர்டைப் படிப்பது

ஓடுகிற மெஷின் என்றால் எம்எஸ்இன்ஃபோ32 என்று ரன் பெட்டியில் அடித்தால் போதும். போர்டின் மாடல், பயாஸ் வெர்ஷன், தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். சிபியு-இசட் மென்பொருளிலும் மெயின்போர்டு பக்கத்தில் பார்க்கலாம். இங்கே மெஷினே ஓடவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் படித்தேன்.

மாடல் பெயர் பெரிய எழுத்தில் பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு நடுவே இருந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. போர்டின் ஓரத்தில், கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுக்கு, 'ரெவ்' என்று போட்டு ஓர் எண் இருந்தது. ஏழு வருஷத் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டியபிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதே மாடலின் வேறு ரெவிஷன் வேறு பயாஸைக் கேட்கலாம். ஒன்றின் கோப்பை இன்னொன்றில் எழுதினால் போர்டு நிஜமாகவே போய்விடும். மாடலையும் ரெவிஷனையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில், அதே மாடல், அதே ரெவிஷன் பக்கத்தில், சப்போர்ட் பகுதியில் உள்ள சிபியு பட்டியலைத் திறந்தேன். இந்த விஷயத்தில் கடைசி வார்த்தை அந்தப் பட்டியல்தான். சாக்கெட் ஒன்றுதானே என்று சொல்கிற கடைக்காரர் சொல்லும், எனக்கு ஓடியது என்று சொல்கிற நண்பர் சொல்லும் அதற்குப் பிறகுதான். பிராசசர் நிறுவனம் 'இந்தச் சிப்செட் தாங்கும்' என்று பொதுவாகச் சொல்லலாம். உங்கள் கையில் இருக்கும் போர்டுக்குப் பயாஸ் எழுதியவர்கள் சொன்னால்தான் சொன்னது.

அந்தப் பட்டியலைப் படிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 5600ஜி என்று தேடினால் ஒரு வரி வந்தது. அதில் பிராசசரின் உள்பெயர் செசான், 65 வாட், கேஷ் 16 எம்பி. கடைசிக் கட்டத்தில் 'எந்தப் பயாஸிலிருந்து' என்று ஒரு வெர்ஷன் எண். எல்லாருடைய கண்ணும் பிராசசர் பெயரைப் பார்த்ததுமே "ஆமா, இருக்கு" என்று நின்றுவிடும். தேவையான விடை கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே இருந்தது 2022-இல் வந்த பதிப்பு.

அதே பட்டியலில் 105 வாட் பிராசசர்களும் இருந்தன. அக்காவின் மகன் பக்கத்தில் நின்று, "மாமா, அப்ப 5800எக்ஸ்3டி கூட ஓடுமா?" என்று கேட்டான். ஓடும் என்றுதான் பட்டியல் சொல்கிறது. நான் வேண்டாம் என்பேன். அது 105 வாட் என்று எழுதியிருந்தாலும் சாக்கெட்டிலிருந்து 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 65 வாட் பிராசசர்களுக்கு அந்த வரம்பு 76 முதல் 88 வாட்டுக்குள். இந்த ஏ320 போர்டில் பிராசசருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்டுகளின் மேல் ஒரு ஹீட்சிங்க்கூட இல்லை, வெறும் கறுப்புச் சதுரங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் நாளெல்லாம் ரெண்டர் ஓடினால் அவை என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அவனுக்கு அதை விரலால் தொட்டுக் காட்டினேன்.

இனி டவுன்லோட் பக்கம். தேவையான குறைந்தபட்சப் பதிப்பை எடுப்பதா, அதற்குப் பிந்தையதை எடுப்பதா? நான் பிந்தையதை எடுத்தேன். விண்டோஸ் 11-க்காக பிராசசருக்குள் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கினால், அவ்வப்போது மெஷின் ஒரு நொடி திக்கி நிற்கும் கோளாறு ரைசனில் இருந்தது. 2022 மார்ச்சில் ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு, அஜீசா 1.2.0.7 என்ற அடிப்படை ஃபர்ம்வேரில் சரி செய்தது. ஒவ்வொரு பயாஸ் பதிப்பின் குறிப்பிலும் எந்த அஜீசா என்று போட்டிருக்கும். 1.2.0.7 அல்லது அதற்கு மேல் என்று பார்த்து எடுத்தால் அந்தத் திக்கல் தொல்லை இல்லை.

குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது: மிகப் பழைய பயாஸிலிருந்து நேரே இதற்குத் தாவாதே, முதலில் இடையிலுள்ள ஒரு பதிப்பைப் போடு. இதைப் படிக்காமல் நேரே தாவி, பாதியில் மாட்டிக்கொண்ட போர்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. இரண்டு கோப்புகளையும் இறக்கினேன். ஜிப்பைப் பிரித்தபோது ஒவ்வொன்றும் சரியாக 16,384 கேபி. பதினாறு எம்பி சில்லு என்பது அந்த எண்ணிலேயே எழுதியிருக்கிறது.

பழைய பிராசசரைத் தேடி

கோப்பு தயார், போர்டு தயார். ஆனால் பயாஸை மாற்ற, அந்தப் போர்டுக்குத் தெரிந்த ஒரு பிராசசர் உள்ளே இருக்க வேண்டும். விலை கூடிய சில போர்டுகளில் பிராசசரே இல்லாமல் பென் டிரைவைச் செருகி, பின்னாலுள்ள ஒரு பொத்தானை அழுத்திப் பயாஸ் எழுதும் வசதி உண்டு. இந்தப் போர்டில் இல்லை. பிராசசர்தான் வேண்டும். அதுவோ எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

இது புதிய சிக்கல் இல்லை. 2018-இல் ரைசன் 2000 வரிசை வந்தபோது இதே நிலைமை எழுந்து, மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏஎம்டியே ஒரு மலிவான பிராசசரைக் கடனாக அனுப்பிவைத்தது. என் டிராயரிலும் இதற்கென்று ஒரு அத்லான் 200ஜிஇ பிராசசர் கிடக்கிறது. எடுத்தேன், போடவில்லை. அந்த அத்லான் வந்தது 2018 செப்டம்பரில். அக்காவின் போர்டு வாங்கியது அந்த ஆண்டு ஏப்ரலில். பட்டியலைப் பார்த்தால், அத்லானுக்கும் ஒரு பயாஸ் பதிப்பு தேவை என்று போட்டிருந்தது. இந்தப் போர்டில் இருப்பது அதற்கு முந்தையதாகவே இருக்கும். தெரியாத இரண்டை வைத்துச் சோதித்தால் எது காரணம் என்றே தெரியாமல் போகும். இந்தப் போர்டு கடைசியாக எதோடு உயிரோடு இருந்ததோ, அதே 2200ஜி வேண்டும்.

"அக்கா, அந்தக் கடைக்குப் போன் போட்டு, பழைய பிராசசரை யாருக்கும் கொடுத்துட வேணாம்னு சொல்லுங்க. கழிச்ச காசைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கலாம்."

"கொடுப்பாங்களா தம்பி?"

"கேட்டுப் பாருங்க. காலையில நான் பஸ்ல போய் வாங்கிட்டு வந்துடுறேன்."

கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாவை மேசை ஓரத்தில் வைத்திருந்தார்கள். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்து வரிசையில் மூன்று பின்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

ஏன் சாய்ந்தன என்று எனக்குத் தெரியும். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. சாக்கெட் அதை லீவரால் இறுக்கிப் பிடிக்கிறது, மேலே ஒரு சட்டம் போட்டு அழுத்துவதில்லை. ஏழு வருஷத்தில் கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பேஸ்ட் காய்ந்து சிமென்ட் மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் கூலரை நேரே மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும். பின் சாயும், சிலசமயம் உடையும். மெஷினைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, சூடு ஏறியதும் அணைத்து, கூலரை மெல்ல இடமும் வலமும் திருகினால் பேஸ்ட் விட்டுக்கொடுக்கும். பிறகு எடுக்கலாம். செலவே இல்லாத ஒரு கவனம். அது இல்லாததால்தான் இந்த மூன்று பின்கள்.

நிமிர்த்த நான் பயன்படுத்துவது 0.7 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில். லெட்டை எடுத்துவிட்டால் அதன் முனை ஒரு சின்னக் குழாய். சாய்ந்த பின்னை அதற்குள் நுழைத்து, மூச்சை அடக்கி, பக்கத்துப் பின்னோடு நேர் ஆகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த வேண்டும். ஒரே வீச்சில் நிமிர்த்தினால் ஒடியும். மூன்றாவது பின் அடியோடு சாய்ந்திருந்தது. அதற்கு மட்டும் முதலில் சவர பிளேடின் முனையால் லேசாகத் தூக்கிவிட்டுப் பிறகு பென்சில். ஒருமணி நேரம் ஆயிற்று. கடைசியில் வரிசைகளுக்கு இடையே பார்வையை ஓட்டினால், நடவு செய்த வயலில் வரப்போரம் நின்று பார்ப்பது போல எல்லாப் பக்கமும் நேர்கோடாகத் தெரிந்தது. பிராசசர் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தேன். அழுத்தவில்லை. தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது.

பொத்தானை அழுத்தினேன். படம் வந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டது எனக்கு இல்லை, அந்த மானிட்டருக்கு. போர்டு போகவே இல்லை.

எழுதும் நேரம்

முதலில் அவருடைய டிசைன் கோப்புகளை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்தோம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. இருந்திருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைக்காமல் மேலே போயிருக்க மாட்டேன்.

பயாஸ் எழுதும் கருவி சில்லை முதலில் அழித்துவிட்டு, பிறகுதான் புதியதை எழுதுகிறது. அந்த இடைவெளியில் கரண்ட் போனால் சில்லில் ஒன்றுமே இருக்காது. தனியாக ஒரு புரோகிராமரை வைத்து, கிளிப் மாட்டி எழுதினால்தான் மீட்க முடியும். அக்காவின் யுபிஎஸ் பேட்டரி பழையது. என்னுடையதைக் கொண்டுவந்து, மெஷினை அதில் மாட்டி, சுவரில் உள்ள பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் தாங்குகிறதா என்று பார்த்தபிறகே தொட்டேன்.

எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்த பென் டிரைவ். பயாஸுக்குள் போய் முதலில் எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்கு மாற்றி, உள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் கருவியைத் திறந்து, இடைப்பட்ட பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸுக்குள்ளிருந்து பயாஸ் எழுதும் மென்பொருளும் நிறுவனங்கள் தருகின்றன. நான் அதைத் தொடுவதில்லை. பின்னணியில் ஏதாவது ஒன்று தொங்கி நின்றால் போர்டும் போய்விடும். சதவீதம் ஏறும்வரை அறையில் யாரும் பேசவில்லை. மறுபடி தொடங்கியதும் புதிய எண் தெரிந்தது. அதே முறையில் இரண்டாவது கோப்பு. அது முடிந்ததும், 2200ஜி-யோடு ஒருமுறை விண்டோஸ் வரை போய்ப் பார்த்துவிட்டு அணைத்தேன். புதிய பயாஸ் பழைய பிராசசரோடு ஓடுகிறது என்று உறுதிசெய்துகொண்டால், அடுத்த படியில் தடுக்கினாலும் திரும்ப ஓர் இடம் இருக்கிறது.

இனி 5600ஜி. பெட்டியோடு வந்த கூலர் பழையதைப் போலவே நான்கு திருகுகளில் இறங்கும் வகை, தாங்கியை மாற்ற வேண்டியதில்லை. புதிய பேஸ்ட், நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி முடித்தேன்.

பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பு. அக்காவின் முகம் மாறியது. "இருங்கக்கா" என்றேன். புதிய பிராசசரோடு முதல்முறை எழும்போது ரேமோடு பேசி வேகத்தைக் கணித்துக்கொள்ள ஒன்றிரண்டு நிமிஷம் எடுக்கும். அந்த நேரத்தில் பயந்து அணைத்துவிடக் கூடாது. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி: புதிய சிபியு போடப்பட்டிருக்கிறது, டிபிஎம் தகவல்களை அழித்துப் புதிதாகத் தொடங்க ஒய், பழையதை வைத்திருக்க என், பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவி இல்லாமல் மெஷின் திறக்காது. பிட்லாக்கர் இல்லை என்று முன்பே பார்த்ததால் தயங்காமல் ஒய் அழுத்தினேன். விண்டோஸ் வந்தது. டாஸ்க் மேனேஜரில் பன்னிரண்டு கட்டங்கள்.

உள்கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒற்றை ஸ்டிக்கில் ஓடினால் அதற்குப் பாதி வழிதான் திறந்திருக்கும். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போட்டு இரட்டைச் சேனல் ஆக்கினோம். இந்த மெஷினில் பிராசசருக்கு அடுத்தபடி பலன் தந்த செலவு அதுதான். காலண்டர் அட்டைகள் இப்போது டீ போடும்வரை காத்திருப்பதில்லை. விண்டோஸ் 11-ஐ ஆடி முடிந்து ஆவணியில் ஏற்றினோம். வேலை நெருக்கடியில் அதைத் தொடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

வேறு போர்டு வைத்திருப்பவர்களுக்கு

இதே கேள்வியோடு இன்டெல் போர்டுக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அங்கே சாக்கெட் ஏமாற்றும் விதம் இன்னும் கடுமையானது. 1151 என்ற பெயரிலேயே இரண்டு உலகம். எச்110, பி250 போன்ற 100, 200 வரிசைப் போர்டுகள் 6, 7-ஆம் தலைமுறைக்கு. 2017 அக்டோபரில் 8-ஆம் தலைமுறை அதே 1151 சாக்கெட்டில் வந்தது, ஆனால் 300 வரிசைப் போர்டு கேட்டது. எச்110-இல் 9-ஆம் தலைமுறை ஐ3 9100-ஐ வைத்தால் அழகாக உட்காரும், ஓடாது. எந்தப் பயாஸை எழுதினாலும் நிறுவனத்தின் கணக்கில் அது ஆதரவில்லாத ஜோடிதான். 1200 சாக்கெட்டில் எச்410, பி460 போர்டுகள் 10-ஆம் தலைமுறையோடு நின்றுவிடும். சில போர்டுகளின் பிந்தைய வகைகளைத் தவிர 11-ஆம் தலைமுறை அவற்றில் கிடையாது. 1700 சாக்கெட்டில் நிலைமை நல்லது: 12, 13, 14 மூன்றும் 600, 700 வரிசைப் போர்டுகளில் ஓடும், 600-இல் பயாஸ் புதியதாக இருக்க வேண்டும்.

ஏஎம்டியிலேயே தலைகீழ் தவறும் நடக்கிறது. போர்டு கெட்டுப்போய், புது பி550 வாங்கிப் பழைய 2200ஜி-யையோ 3200ஜி-யையோ போடுகிறார்கள். பி550 அவற்றை அதிகாரபூர்வமாகத் தாங்குவதில்லை. ஏஎம்5-க்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்: அதற்குப் போர்டு வேறு, டிடிஆர்5 ரேம் மட்டுமே, உங்கள் பழைய ஸ்டிக் எதுவும் போகாது.

செகண்ட் ஹேண்டில் ரைசன் ப்ரோ பிராசசர் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களின் பிராண்டட் டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிய சில பிராசசர்கள் அந்த நிறுவனத்துப் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் ஃபியூஸை எரித்துப் பூட்டுவதால் திறக்க வழி இல்லை. போர்டின் பட்டியலில் பெயர் இருந்தும் ஓடாது. வேறு போர்டில் ஓடிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

அக்காவின் மெஷினை மூடும் முன் ஒரு வெள்ளைத் தாளில் போர்டு மாடல், ரெவிஷன், இப்போது இருக்கும் பயாஸ் எண், எழுதிய தேதி நான்கையும் எழுதி, பக்கத் தகட்டின் உள்பக்கம் ஒட்டினேன். 2200ஜி-யை அதன் பழைய டப்பாவில் பஞ்சு வைத்து மூடி அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைப் பூசை அலமாரியில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.